கலைச்சொல் விவாதம்: அயல்மொழி கற்பவரிடம் முன்பு கற்ற மொழியின் செல்வாக்கு – ‘மொழிக்கொணர்வு’

அன்புடையீர், வணக்கம்.

அயல்மொழி கற்பவர் தமக்கு முன்பே தெரிந்த மொழியின் ஒலியையும் இலக்கணத்தையும் புதிய மொழிக்குள் எடுத்துச் செல்வதைக் குறிக்க, இங்கு ‘தாய்மொழிக் குறுக்கீடு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 1953-இல் மொழியியலாளர் யூரியல் வைன்ரைக் இந்நிகழ்வை இடையூறு என்ற பொருள் தரும் சொல்லால்தான் குறித்தார் என்பது உண்மையே. ஆனால், அச்சொல் பிழைகளை மட்டுமே சுட்டுகிறது என்பதால் பின்னர் வந்த ஆய்வாளர்கள் பலர் ‘transfer’ என்ற நடுநிலையான சொல்லை நாடினர்.

துருக்கியம் கற்கும் தமிழரை எடுத்துக்கொள்வோம். ‘புத்தகம் படித்தேன்’, ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பவற்றுக்கு இடையே தமிழில் உள்ள வேறுபாடு, துருக்கியத்தில் ‘கித்தாப் ஒகுதும்’, ‘கித்தாபி ஒகுதும்’ என ஏறக்குறைய அப்படியே அமைந்திருக்கிறது; குறிப்பிட்ட ஒரு புத்தகம் என்றால்தான் இரண்டாம் வேற்றுமை உருபு வரும். ஆகவே, ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் முயன்று கற்கவேண்டிய இந்த நுட்பம் தமிழருக்கு எளிதில் பிடிபடும். அதே தமிழர் ‘ஒரு மனிதனைப் பார்த்தேன்’ என்று சொல்ல வரும்போது அதே பழக்கம் அவரைப் பிழைக்கு இட்டுச் செல்கிறது. உயர்திணைப் பெயருக்குத் தமிழில் ‘ஐ’ உருபு கட்டாயம். துருக்கியத்திலோ அறிமுகமற்ற ஒருவரைக் குறிக்கையில் உருபின்றி ‘பிர் அதம் கொர்தும்’ என்பதே இயல்பு. கற்பவர் மனத்தில் நிகழ்வது இரண்டு இடத்திலும் ஒன்றே, விளைவுதான் வேறு. ஒன்றை உதவி என்றும் மற்றொன்றைக் குறுக்கீடு என்றும் பிரித்துவிட்டால், அந்த ஒற்றைச் செயலுக்கு நம்மிடம் பெயரே இல்லாமற்போகும்.

‘transfer’ என்பதை நேராக மொழிபெயர்த்தால் வரும் ‘இடமாற்றம்’ அலுவலக வழக்கில் ஊன்றிவிட்ட சொல். தவிர, ஓரிடத்தை விட்டு நீங்குவதை அது உணர்த்துகிறது, தாய்மொழியிலிருந்து இங்கு எதுவும் நீங்குவதில்லை. ‘கடத்தல்’ வேண்டாம், காரணம் எல்லோரும் அறிந்ததே.

‘மொழிக்கொணர்வு’ என்பதை முன்மொழிகிறேன். பயனுள்ளதைத் ‘துணைக்கொணர்வு’ என்றும், பிழை தருவதைப் ‘பிழைக்கொணர்வு’ என்றும் வகுக்கலாம். ‘பேருந்தில் ஏறினேன்’ என்ற தமிழ் வழக்கைப் பின்பற்றித் துருக்கியத்திலும் இடவேற்றுமை உருபைச் சேர்ப்பவர், நான்காம் வேற்றுமை வரவேண்டிய இடத்தில் தவறுகிறார். ‘வேலையைத் தொடங்கினேன்’ என்பதிலும் அப்படியே, அங்கும் துருக்கியம் கேட்பது நான்காம் வேற்றுமையைத்தான். இவை பிழைக்கொணர்வுக்குத் தெளிவான சான்றுகள்.

‘தாய்மொழி’ என்ற முன்னொட்டை நான் வேண்டுமென்றே தவிர்த்தேன். துருக்கிய எழுத்து முறையில் லத்தீன் ‘சி’ எழுத்துக்கு ‘ஜ’ ஒலி. அதைக் ககரமாகவோ சகரமாகவோ படிக்கும் தமிழர் அந்தப் பழக்கத்தைத் தமிழிலிருந்து பெறவில்லை, ஆங்கிலத்திலிருந்து பெற்றார். முன்பு கற்ற எந்த மொழியிலிருந்தும் கொணர்வு நிகழலாம் என்பதால் சொல்லில் அந்த இடம் திறந்தே இருக்கவேண்டும். தேவைப்படும் இடத்தில் ‘தமிழ்க்கொணர்வு’, ‘ஆங்கிலக்கொணர்வு’ என எழுதிக்கொள்ளலாம்.

வினையாக்கத்திலும் சிக்கல் இல்லை: ‘கற்பவர் தமிழின் உருபைத் துருக்கியத்துக்குள் கொணர்கிறார்’ என்று இயல்பாக எழுத முடிகிறது. பின்னர்க் கற்ற மொழி தாய்மொழியையே மாற்றும் எதிர்த்திசைச் செல்வாக்கை ‘மீள்கொணர்வு’ எனலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் உறுதி ஏற்படவில்லை. ‘மீள்’ என்பது திரும்பச் செய்வதையும் குறிக்குமாதலால், அதற்கு மேலான சொல் ஒன்றை அன்பர்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.