முட்டியைச் சுட்ட சிமெண்டைத்தான் முட்டிக்குள்ளும் வைப்பார்களா?

கவுஞ்சிக்காரன்:
வணக்கம். கொடைக்கானல் மேல்மலை எங்களுக்கு. அப்பா 35 வருஷக் கொத்தனார். போன வாரம் வீட்டுப் பின்கட்டுக்குத் தளம் போட்டோம். ஆள் கிடைக்காததால் அவரே மணியாசுக் கட்டையோடு இறங்கி, ஈரக் கலவையில் ரெண்டு மணி நேரம் முட்டி போட்டு வேலை பார்த்தார். பனியில் கால் மரத்துப்போனதால் ஒன்றும் உறைக்கவில்லை. ராத்திரி அடுப்படியில் குளிர் காயும்போதுதான் எரிச்சல். பேண்ட்டைச் சுருட்டினால் வலது முட்டியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்று, நடுவில் சாம்பல் நிறம். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

அதே முட்டிக்குத்தான் அடுத்த மாதம் மதுரையில் மூட்டு மாற்று ஆபரேஷன். செயற்கை மூட்டைச் சிமெண்ட் வைத்துப் பொருத்துவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது அப்பா, "வெளியே பட்டதுக்கே தோல் உரிஞ்சு போச்சு, உள்ளே வைக்க விடுவேனா" என்கிறார். அவரிடம் சிமெண்ட் பற்றி நான் என்ன வாதாடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தியேட்டர் அக்கா:
தம்பி, எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் 14 வருஷமாக நர்ஸ் நான். பேர்தான் ஒன்று, சரக்கு வேறு. எங்களுடையது ஒரு பாக்கெட் பொடி, ஒரு சிறு குப்பித் திரவம். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்று பெயர், பல்செட் செய்கிற அக்ரிலிக்கின் பங்காளி. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1950களின் கடைசியிலேயே இடுப்பு மூட்டுக்கு இதை வைத்தார்.

கலக்கினால் முதலில் தோசை மாவு, அப்புறம் பரோட்டா மாவு. கையுறையில் ஒட்டாத பதம் வந்ததும் டாக்டர் வாங்கிக்கொள்வார். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கல். மிச்சத்தை உருட்டிக் கையில் வைத்திருப்பேன். அது சூடாகி இறுகுவதைப் பார்த்துத்தான் உள்ளே என்ன நிலைமை என்று கணிப்போம். இது பசையும் கிடையாது. எலும்பின் சின்னச் சின்னத் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். சந்துக்குள் கலவையை விட்டு இறுக்குவீர்களே, அப்பாவிடம் அந்தக் "கிரவுட்டிங்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். வைக்கும் நேரத்தில் சிலருக்குப் பிரஷர் சட்டென்று இறங்கும், இடுப்பு ஆபரேஷனில் அதிகம். அந்த நிமிஷம் மயக்க டாக்டர் மானிட்டரை விட்டுக் கண் எடுக்க மாட்டார். திரவத்தின் நெடி வேறு தலையைப் பிளக்கும். கர்ப்பமாக இருக்கும் சிஸ்டர்களை நாங்கள் கலக்க விடுவதில்லை.

ஆனால் இப்போது நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்தப் புண்ணுக்கு. தோல் ஆறாத முட்டியைத் திறந்தால் கிருமி உள்ளே போகும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கோத்தகிரி மேஸ்திரி:
சாம்பல் நிறம் என்றால் ஆழமான புண்ணாக இருக்கலாம், இன்றைக்கே காட்டுங்கள் தம்பி. ஈரச் சிமெண்டின் பிஎச் 12, 13 வரை போகும். சுண்ணாம்புக் காரம், வலி காட்டாமல் தின்னும். பட்டவுடன் துணியைக் கழற்றிவிட்டு 20 நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், எண்ணெய் கூடாது. மார்கழியில் நம் பையன்கள் தண்ணீரைத் தொடவே பயந்து, கலவைக் கையோடு டீ குடிக்கப் போவார்கள். அதற்காகவே சைட்டில் ஒரு டிரம் வெதுவெதுப்பான தண்ணீர் வைக்கிறேன்.

எனக்கே விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. சிமெண்டில் இருக்கும் குரோமியத்தால் வரும் அலர்ஜியாம், ஒரு தடவை வந்தால் லேசில் போகாது. ஐரோப்பாவில் 2005 முதல், தண்ணீரில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். நமக்குக் கையுறைதான் சட்டம்.

பல்லுக்குப் பல்:
அக்கா சொன்னது மூட்டுக்குச் சரி. பல்லில் கதை வேறு! வேர் சிகிச்சையில் நாங்கள் வைக்கும் எம்டிஏ, 1990களில் அமெரிக்காவில் டொராபினஜாத் என்ற பேராசிரியர் கொண்டுவந்தது. முக்கால் பங்கு போர்ட்லேண்ட் சிமெண்டேதான், கூட எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பிஸ்மத் ஆக்சைடு. ஈரத்திலேயே இறுகும் என்பதுதான் அதன் அருமை. அதற்காக மூட்டையைப் பிரித்து அள்ளி வைக்க முடியாது, மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தது. கிராம் கணக்கில் விலை.

கவுஞ்சிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கொடைக்கானலில் காட்டிக் கட்டுப் போட்டாயிற்று. மதுரை டாக்டர் புண் ஆறும்வரை தேதியைத் தள்ளிவிட்டார். பல் விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் பல் டாக்டரிடமும் போக மாட்டார். கிரவுட்டிங் என்றதும் சமாதானம். ஒரே ஒரு சந்தேகம் கேட்கிறார் அக்கா: தண்ணீர் விட்டுக் கியூரிங் எத்தனை நாள்?

தியேட்டர் அக்கா:
கியூரிங்கும் கிடையாது, சாக்கு நனைத்தும் போட வேண்டாம். பெரும்பாலும் மறுநாளே எழுப்பி நடக்க வைப்போம் என்று சொல்லுங்கள்.