‘ஷகி பெய்ன்’ படித்த வடசென்னைக்காரர்கள் இங்கே எழுதலாம்

பெரம்பூர் மளிகைக்கடைப் பையன்:
டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் முதல் நாவல் இது. 2020-ல் புக்கர் பரிசு வாங்கியது. அதற்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கின்றன. பரிசுச் செய்தி வந்தபோது, ஸ்காட்லாந்துக் கதை நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன். அப்புறம் நந்தனம் புத்தகக் காட்சிக்கு வெளியே பிளாட்பாரத்தில் பாதி விலைக்குக் கிடைத்தது.

1980-களின் கிளாஸ்கோ. கப்பல் கட்டும் தளங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடுகிற காலம். டாக்சி ஓட்டும் அப்பா, மனைவி பிள்ளைகளைச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இறக்கிவிட்டுக் கம்பி நீட்டிவிடுகிறார். அம்மா ஆக்னஸ் குடிக்கிறார். கடைக்குட்டி ஷகி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு அம்மாவுக்குக் காவல் இருக்கிறான். எழுதியவருடைய அம்மாவும் குடியால்தான் இறந்தார். அப்போது இவருக்கு 16 வயது.

பி அண்ட் சி துணி மில் 1996-ல் மூடியதைப் பெரம்பூர், புளியந்தோப்பு ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா மில்காரர் இல்லை. மில்காரர்களுக்குக் கடனில் சாமான் கொடுத்தவர். நீளமான கணக்கு நோட்டு, ஆளுக்கு ஒரு பக்கம், சம்பளத்தன்று சிவப்பு மையில் ஒரு கோடு. சம்பளம் நின்றதும் கோடும் நின்றது. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பக்கத்தில் குவார்ட்டரை வைத்துக்கொண்டு நோட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பார். தொட்டுக்கொள்ள எங்கள் கடை மிக்சர்தான். எடுத்து வருவது என் வேலை. அவர் குரலை வைத்தே இது எத்தனையாவது கிளாஸ் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஷகிக்கும் தெரியும். அந்த இடங்களை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை.

உங்களுக்கு எந்த இடம் என்று எழுதுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி:
எங்கள் குடும்பத்தில் குடித்தது சித்தி. அதனால் எனக்கு இந்த நாவல் வேறு மாதிரி. ஆம்பிளை குடித்தால் தெருவுக்கே தெரியும், பஞ்சாயத்துக்கு நாலு பேர் வருவார்கள். பொம்பிளை குடித்தால் வீட்டுக்குள்ளேயே யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சித்திக்கு “உடம்பு சரியில்லை”, அவ்வளவுதான். ஆக்னஸ் எந்த நிலையிலும் மேக்கப்பும் நல்ல கோட்டுமாகத்தான் வாசலுக்கு வருவாள். சித்தியும் அப்படித்தான். புடவையில் ஒரு மடிப்பு கலைந்து பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துக்கு அதுவே கோபம்: “இவ்ளோ நடக்குது, இவளுக்குப் பூ வேற.”

என்னை உலுக்கியது யூஜீன் வரும் பகுதி. ஆக்னஸ் ஏறக்குறைய ஒரு வருடம் குடியைத் தொடாமல் இருக்கிறாள். யூஜீன் நல்லவன், அவளை விரும்புகிறவன். வெளியே சாப்பிட அழைத்துப்போய், எல்லாரையும் போல நீயும் ஒரு கிளாஸ் குடித்தால் என்ன என்று வற்புறுத்துகிறான். அங்கிருந்து எல்லாம் சரிகிறது. சித்தியும் அவ்வளவு நாள் நிறுத்தியிருந்தார். “முன்ன மாதிரி கலகலன்னு இரேன், ஒரு பீர்ல என்ன ஆயிடும்” என்று கிளாஸை நீட்டியது சித்தப்பாதான். அவருக்கு என்ன கெட்ட எண்ணம்? குடிக்காத மனைவி பக்கத்தில் இருந்தால் பழைய கதையெல்லாம் ஞாபகம் வரும். ஒரு கிளாஸோடு நிறுத்திவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அந்த ஆசையை இந்த நாவலில்தான் முதன்முதலாக எழுத்தில் பார்த்தேன்.

காசிமேட்டுக்காரன்:
ஆளாளுக்குக் கண்ணைக் கசக்குகிறீர்கள். என் கட்சி வேறு. புத்தகம் நீளம். நடுவில் குடி, விழுகை, சத்தியம், மறுபடி குடி என்று ஒரே சுற்று. வாழ்க்கை அப்படித்தான் என்று சொல்வீர்கள், தெரியும். வாழ்க்கையைத்தான் ஏற்கெனவே பார்த்தாச்சே.

அப்புறம் இந்த மில் மூடியது, சுரங்கம் மூடியது என்கிற காரணமும் எனக்கு ஒட்டவில்லை. கடலை யாரும் மூடவில்லை. என் அப்பா நல்ல மீன் பாடு கிடைத்த நாளில்தான் அதிகம் குடித்தார். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் போட் கரையில், கையில் காசு இருக்காது, வீட்டில் சண்டையும் இருக்காது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அது 45 நாள். இப்போது 61 ஆக்கியிருக்கிறார்கள். மீனுக்காகப் போட்ட தடையில் அதிகம் பிழைத்தது எங்கள் அம்மா.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஷகியின் அண்ணன் லீக் நல்ல படைப்பு. ஓவியக் கல்லூரியில் இடம் கொடுத்த கடிதத்தை வைத்துக்கொண்டு, போகாமல் காலத்தை ஓட்டுகிறான் பாருங்கள், அவனை வைத்து மட்டும் ஒரு நாவல் எழுதியிருக்கலாம்.

வியாசர்பாடி ஃபுட்பால்:
மற்ற பையன்கள் மாதிரி ஆகவேண்டும் என்று ஷகி பழைய ஃபுட்பால் ஸ்கோர்களை மனப்பாடம் செய்வான். பந்தை உதைக்க வராது, ஸ்கோர் மட்டும் வரும். ஆம்பிளைப் பையன் எப்படி நடக்கவேண்டும் என்று லீக் அவனுக்கு நடந்து காட்டுவான். சாயங்காலம் எங்கள் மைதானத்துப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒருநாள் ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது இதைக் கதையாகச் சொன்னேன். உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு வந்தான்.

“அண்ணா, அந்தப் பையன் அம்மாவ வுட்டுட்டுப் போயிடுவானா?”

“இல்லடா, கடைசி வரைக்கும் கூடத்தான் இருப்பான்.”

“அண்ணன்காரன்?”

“அவனை அம்மாவே தொரத்திடுவாங்க.”

கொஞ்ச நேரம் ஷூ லேஸை இழுத்துக்கொண்டிருந்தான். “அது பரவால்ல” என்றான். அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

பெரம்பூர் மளிகைக்கடைப் பையன்:
காசிமேட்டு நண்பரே, காரணம் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். எங்கள் தெருவில் அதே மில்லை நம்பியிருந்து, ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் மீன்பாடி வண்டி ஓட்டிப் பிள்ளைகளைக் கரையேற்றியவர்களும் உண்டு. நாவலும் சுரங்கம் மூடியதால்தான் ஆக்னஸ் குடித்தாள் என்று எங்கேயும் சொல்லவில்லை. அவள் அந்தக் குடியிருப்புக்குப் போகும் முன்பே குடிக்கிறாள். நீளம் பற்றி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அத்தனை முறை அவள் சத்தியம் செய்தால்தான் அத்தனை முறையும் ஷகி நம்புவதை நாம் பார்க்க முடியும்.

புத்தகம் வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள், சனிக்கிழமை வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் தருகிறேன். முதலில் கேட்பவருக்கு முதலில்.