தூக்கத்துல பல்லு கடிக்கிறதுக்கும் தாடை வலிக்கும் சம்பந்தம் இருக்கா?

பர்கூர்க்காரி:
வணக்கம், எங்க வீட்டுக்காரருக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். தூங்கும்போது பல்லை நறநறன்னு கடிக்கிறாரு, பக்கத்து ரூம்ல படுத்திருக்கிற அத்தைக்கே கேக்குது. இப்போ கொஞ்ச நாளா காலைல எந்திரிச்சா காதுக்கு முன்னாடி வலி, வாயைத் திறந்தா டொக்குனு சத்தம் வேற. காது டாக்டர் பாத்துட்டு காதுல ஒண்ணுமில்லன்னுட்டாரு. அத்தை வயித்துல பூச்சிங்கிறாங்க. நேத்து ஒரு முறுக்கு கடிக்க முடியாம தட்டுலயே வச்சுட்டாரு, பாக்கவே கஷ்டமா இருக்கு. யார்கிட்ட காட்டறது?

தர்மபுரி கிளினிக்:
அக்கா, நான் பல் கிளினிக்ல வேலை பாக்கறேன், இப்படி காது வலின்னு சுத்திட்டு கடைசில எங்ககிட்ட வர்றவங்க நெறைய. காதுக்கு முன்னாடி விரல் வச்சு வாயைத் திறந்து மூடச் சொல்லுங்க, அசையுதே அதான் தாடை மூட்டு. அதுக்குள்ள சின்னதா ஒரு டிஸ்க் இருக்கு, அது விலகி திரும்ப உக்காரும்போது தான் அந்த டொக். வெறும் சத்தத்துக்கு பயப்பட வேண்டாம், வலியே இல்லாம பல பேருக்கு வரும். பல்லை இறுக்கினா கன்னத்துல கட்டியா ஒண்ணு எழும்பும் பாருங்க, அந்த தசை ராத்திரி பூரா வேலை செஞ்சா காலைல வலிக்கத்தான் செய்யும். பூச்சி மருந்து இதுக்கு உதவாது. பல் டாக்டர்கிட்ட அளவு குடுத்து நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லு மேல மாட்டிக்கிற உறை, செஞ்சுக்கலாம். கடிக்கிறது அதனால நின்னுடும்னு இல்ல, ஆனா பல்லு தேயாது. மெத்துன்னு ரெடிமேடா விக்கிறதை வாங்காதீங்க, சிலர் அதையே மெல்ல ஆரம்பிச்சுடுவாங்க.

காவேரிப்பட்டணம் அண்ணன்:
ராத்திரி சத்தத்தை மட்டும் பாக்காதீங்கம்மா, பல்லு கடிக்கிற எல்லாருக்கும் மூட்டு வலி வர்றதில்ல. பகல்ல பல்லை இறுக்கி வச்சிருக்காரான்னு கவனிங்க, சத்தமே வராது ஆனா வலிக்கு அதுவும் பெரிய காரணம். உதடு மூடியிருக்கணும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக்கூடாது, நாக்கு மேலண்ணத்துல லேசா படணும், இதைப் பழக்கப்படுத்தச் சொல்லுங்க. நைட் ஷிஃப்ட்ல டீ, சிகரெட் ஜாஸ்தியா? குறட்டை? மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதும் சாப்பிடறாரா, அதுல சிலது பல்லு கடிக்க வைக்கும். அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, குடுத்த டாக்டர்கிட்ட கேளுங்க.

பர்கூர்க்காரி:
மாத்திரை எதுவும் இல்லண்ணா. டீ கணக்கே இல்ல, குறட்டையும் பயங்கரமா வருது, நடுவுல மூச்சு நின்ன மாதிரி ஆகி திடீர்னு இழுப்பாரு. நீங்க சொன்னப்புறம் பாத்தேன், போன் பாக்கும்போதே கன்னம் இறுகி நிக்குது.

தர்மபுரி கிளினிக்:
அக்கா, மூச்சு நிக்கிற விஷயத்தை விடாதீங்க, அது தனியா பாக்க வேண்டிய பிரச்சனை, நுரையீரல் டாக்டரோ காது மூக்கு தொண்டை டாக்டரோ பாப்பாங்க, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயே கேளுங்க. வலி குறையிற வரைக்கும் முறுக்கு, வறுகடலை வேண்டாம், நம்மூர் ராகி களி இருக்கவே இருக்கு, மெல்லாமலே முழுங்கலாம். கன்னத்துல சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க, கொட்டாவி வந்தா தாடைக்கு கீழ கைய வச்சுக்கச் சொல்லுங்க. மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவுல வைக்கிற அளவுக்கு வாய் திறக்கலன்னாலோ தாடை பூட்டிக்கிட்டாலோ உடனே கிளம்பிடுங்க. எடுத்தவுடனே பல்லை ராவணும், கிளிப் போடணும்னு யாராச்சும் சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட கேக்காம ஒத்துக்காதீங்க, ராவின பல்லு திரும்ப வராது.