குவைத்தில் அக்காவை அடிக்கிறார்கள், என்ன செய்வது?

கடலூர்க்காரி: அக்கா அங்கே வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பாஸ்போர்ட்டை முதலாளியம்மா வாங்கி வைத்துக்கொண்டார், சம்பளம் கேட்டால் அடிக்கிறாராம்.

சால்மியா அண்ணன்: தங்கச்சி, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் (MADAD) என்ற இணையப் புகார் தளத்தில் ஊரிலிருந்தே புகார் பதியுங்கள். குவைத்தில் வீட்டு வேலையாட்களுக்கான 2015-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டப்படி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதே தவறு, நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வார விடுப்பும் உண்டு.

மலர்: வெளியேறினால் ஓடிப்போனதாகப் புகார் கொடுத்துவிடுவார்கள், அடிபட்டவளே குற்றவாளி ஆகிவிடுகிறாள், என்ன அநியாயம் இது! அதனால் இந்தியத் தூதரகத்துக்கு முதலில் தகவல் போகட்டும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம், நேரே தூதரகத்துக்கே போகச் சொல்லுங்கள்.

கடலூர்க்காரி: சரிங்க. விசா நகல் இருக்கிறது, போதுமா?

சால்மியா அண்ணன்: முதலாளி வீட்டு முகவரி, காயத்தின் படம், அதையும் புகாரோடு சேர்த்துவிடுங்கள்.