பிரித்துத் தைக்கிற பூட்ஸ்

நில அளவை வேலையில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போயிருந்தபோது, இரண்டாம் நாளே வலது பூட்ஸின் அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு மலையிறங்கினேன். சென்னை வந்து கடையில் காட்டியபோது, “ஒட்டின சோல் சார். திரும்ப ஒட்டலாம், ஆனா நிக்காது” என்றார்கள். அதன்பிறகுதான் பெரியமேட்டுக்குப் போனேன்.

சென்ட்ரலிலிருந்து நடந்துபோகிற தூரம்தான் பெரியமேடு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதப்படுத்திய தோல் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே சின்ன பட்டறை. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். நான் போனது காலை பத்து மணிக்கு. “சாயங்காலம் வா தம்பி. காலையில கால் வத்தியிருக்கும், அந்த அளவுல தைச்சா மத்தியானத்துக்கு மேல கடிக்கும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆறு மணிக்குப் போனேன். காகிதத்தில் பாதத்தை வரைந்தார். விரல் மூட்டு, நடுப்பாதம், குதிகாலிலிருந்து கணுக்கால் மேல்வளைவு, கெண்டைக்கால் என நான்கு இடத்தில் நாடா வைத்துச் சுற்றளவு எடுத்தார். என் இடது கால் வலதைவிடப் பெரியது என்பது அன்றுதான் எனக்கே தெரியும். பாத வடிவில் இருந்த மரக்கட்டையில், சுண்டுவிரல் புடைக்கும் இடத்தில் தோல் துண்டுகளை ஒட்டி இழைத்து என் காலாகவே மாற்றினார். இவ்வளவு தெரிந்த மனிதரிடம் சில வாடிக்கையாளர்கள் “ஏய்” என்று பேசியதைக் கண்ணால் பார்த்தேன். தோல் வேலை செய்கிறவர்களை நம் ஊர் நடத்திய விதம் இன்னும் முழுதாக மாறவில்லை.

அப்புறம் தோல். மேல்பாகத்துக்குக் குரோம் உப்பு போட்டுப் பதப்படுத்திய மாட்டுத்தோல், சுமார் இரண்டு மில்லிமீட்டர். அது மழையையும் வளைவையும் தாங்கும். பாதம் படுகிற உள் அட்டைக்கும் சோலுக்கும் மரப்பட்டையில் பதப்படுத்திய எருமைத்தோல். “உள்ள இருக்கிறது வேர்வையைக் குடிக்கணும், உன் கால் தடம் அதுல பதியணும். குரோம் தோல்ல அது நடக்காது” என்றார். குரோம் பதனிடல் ஓரிரு நாள் வேலை. பட்டையில் என்றால் வாரக்கணக்கில் ஊற வேண்டும். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் ஆவாரம்பட்டைதான். ஆவாரையில் மட்டும் பதமான தோல் வெயில் பட்டுப்பட்டுச் சிவந்துவிடும் என்பதால், கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பார்களாம். ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் கட்டுவதோடு சரி என்று நினைத்திருந்த எனக்கு இது புதுச் செய்தி.

தோலை உள்பக்கமாக மடக்கி, மேல்பரப்பில் விழும் சுருக்கத்தைக் காட்டினார். முதுகுப் பகுதியில் மெல்லிய வரிகள். வயிற்றுப் பகுதியில் தொளதொளவென்று மடிப்பு. நடக்கும்போது அதிகம் மடிகிற முன்பாகத்தை முதுகிலிருந்துதான் வெட்ட வேண்டும். வயிற்றுத்தோல் இழுபடும், அது வெளியே தெரியாத இடங்களுக்குத்தான்.

தைக்கிறதைப் பார்க்க வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்தேன். நனைத்த உள் அட்டையைக் கட்டையில் ஆணியடித்து, காய்ந்ததும் அதன் விளிம்பில் கத்தியால் ஒரு வரப்பு செதுக்கினார். குதிகாலுக்கும் விரல்முனைக்கும் மைதா பசை தடவிய கடினத் தோலை உள்ளே வைத்து, மேல்தோலைக் குறடால் இழுத்து இழுத்து ஆணியில் மாட்டினார். அப்படியே பல நாள் கட்டையிலேயே காய விட்டார். பிறகுதான் முக்கியமான தையல். மேல்தோல், அந்த வரப்பு, சுற்றிவரும் ஒரு தோல் வார் மூன்றையும் குத்தூசியால் துளைத்து, மெழுகு தேய்த்த முறுக்கு நூலின் இரண்டு முனையையும் ஒரே ஓட்டைக்குள் எதிரெதிராக விட்டு இழுப்பார். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும்.

1870களில் பரவிய, பூட்ஸ் தைக்கிற குட்இயர் வெல்ட் இயந்திரமும் இதே மாதிரி வாரை வைத்துத்தான் தைக்கிறது. இப்போது வருவதில் பெரும்பாலும் செதுக்கிய வரப்புக்குப் பதில் அட்டையில் ஒட்டிய துணிப்பட்டை இருக்கும், தையலும் சங்கிலித் தையல். ஒட்டின சோலைவிட எவ்வளவோ மேல் என்றாலும், அந்தத் துணிப்பட்டை பசையை நம்பித்தான் நிற்கிறது. எனக்குப் பெரியவரின் வரப்புதான் பிடித்தது.

உள் அட்டைக்கும் சோலுக்கும் நடுவில் கார்க், ஒரு இரும்புத் தகடு. நனைத்த சோலைக் கல்லில் வைத்து சுத்தியலால் தட்டி இறுக்கி, வாரோடு சேர்த்து இன்னொரு சுற்றுத் தையல். விளிம்பை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழுவழுப்பாக்கினார். ஐந்து வாரம் ஆனது.

முதல் பத்து நாள் குதிகால் கொப்புளித்தது, மறைக்க வேண்டியதில்லை. பிறகு பழகிவிட்டது. ஒரு மழையில் நனைந்ததை அடுப்போரம் வைத்துவிட்டேன். உள் அட்டை விளிம்பில் சுருங்கிப்போனது. ஈரத்தோலுக்குச் சூடு ஆகாது, அதிலும் பட்டையில் பதமான தோல் குரோம் தோலைவிடச் சீக்கிரம் சுருங்கும். பெரியவர் அதைப் பார்த்து நன்றாகத் திட்டினார். பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில்தான் காயவைக்க வேண்டும்.

போன மாதம் சோல் தேய்ந்து மறுபடி போனேன். வெளித்தையலை மட்டும் அறுத்து சோலைக் கழற்றினார். மேல்தோலும் வாரும் அப்படியே இருந்தன. உள்ளே வெளிச்சம் காட்டிப் பார்க்கச் சொன்னார். அட்டையில் என் ஐந்து விரலும் குழிகுழியாகப் பதிந்திருந்தன. புது கார்க், புது சோல், இரண்டு நாளில் வேலை முடிந்தது. கழற்றிய பழைய சோலையும் அவர் எறியவில்லை. தேயாத நடுப்பகுதியை வெட்டி, வேறு யாருடைய பூட்ஸுக்கோ குதிகால் அடுக்காக எடுத்து வைத்துக்கொண்டார்.