புதுப்பிப்பு: பழைய ராலே சைக்கிளுக்கு 28 × 1½ டயர் கிடைத்துவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. தாத்தா ஓட்டிய ராலேக்கு ரங்கூனில் டயர் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தேன். "இஞ்சுக் கணக்கை விடுங்க தம்பி, 635 இருக்கான்னு பாருங்க" என்று மோல்மீன் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. 635 என்பது 28 × 1½ டயரின் உள்விட்டம், மில்லிமீட்டரில்.

முதல் கடையில் 28 என்று எடுத்துக் கொடுத்தது 700சி என்கிற வேறு அளவு டயர். அதன் உள்விட்டம் 622 மில்லிமீட்டர். 635-ஐ விட 13 மில்லிமீட்டர் சின்னது, ரிம்மில் ஏறவே ஏறாது. அப்புறம் வேறொரு கடையில், பக்கவாட்டில் 40-635 (அகலம் 40, உள்விட்டம் 635) என்று அச்சிட்ட இந்திய டயர் கிடைத்தது. கையாலேயே அழுத்தி உட்கார வைத்துவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: ரிம்முக்குள் ஸ்போக்ஸ் முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப் மக்கிப்போய், அந்த முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. அப்படியே மாட்டினால் புது ட்யூப் பஞ்சர்தான். துணி டேப் ஒட்டிவிட்டுத்தான் மாட்டினேன். ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்) கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தைப் பிடிப்பவை, அதனால் பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.