கொம்பனிக்கு வந்த பூட்டனை எங்கிருந்து தேடுறது?

சுண்டிக்குளிப் பேத்தி:
அம்மம்மாவின் தாய் யாழ்ப்பாணத்துப் பறங்கிக் குடும்பம், ஒல்லாந்தர் வழி வந்த ஆட்கள். தமிழரைக் கலியாணம் கட்டினதால் அந்தப் பக்கத்து உறவு அறுந்துபோச்சு. எங்களிட்ட மிஞ்சினது ஒரு சீதன உறுதி மட்டும்தான். காணியின் பெயர் 'பறங்கியன் வளவு', மூன்று பரப்பு, கிழக்கெல்லையில் தமிழில் எழுதிச் சிதைஞ்ச ஒரு ஒல்லாந்தப் பெயர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி வேலைக்கு முதலில் வந்தவர் எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார் என்று அறிய வேணும். பறங்கியர் சங்க வம்சாவளிகளில் எங்கட ஆட்களைக் காணேல்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிட்டுது, அவ இருக்கேக்குள்ளேயே சொல்ல ஆசை.

தோம்புக்காரி:
சங்க வம்சாவளியை வைச்சு முடிவெடுக்காதீங்கோ தங்கச்சி. 1908இல் தொடங்கின அந்தச் சங்கம் தகப்பன் வழியைத்தான் பார்த்தது. தமிழரைக் கட்டிப்போன மகளோட அந்தக் கிளை நின்றுவிடும். பூட்டியின் சகோதரன்மார் பெயரில் திரும்பத் தேடுங்கோ.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டின தேவாலயம் போரில் அழிஞ்சுபோச்சு. ஆனால் கொழும்பு ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையின் ஏடுகள் ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளி இணையத்தளத்தில் படமாக இருக்கு, 1677 தொடக்கம். காசு தேவையில்லை. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ கொழும்புக்குப் போயிருந்தால் அதில் அகப்படலாம்.

ஞானஸ்நானப் பதிவு நாலு வரிதான்: தேதி, பிள்ளை, தாய் தகப்பன், சாட்சிகள். தகப்பன் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார். தாயை அநேகமாகப் பிறந்த வீட்டுப் பெயரில்தான் எழுதுவினம், அதால அவ மாறாமல் நிற்பா. எங்கட குடும்பத்தில் இரண்டு விதமாக எழுதின தகப்பன் ஒரே ஆள்தான் என்று நிறுவினது சாட்சிக்கு நின்ற சின்னம்மாதான்: மூன்று பிள்ளைகளுக்கும் அவவின் பெயரே கடைசி வரியில். சாட்சிகளை விடாமல் குறிச்சு வையுங்கோ.

காணிக்கந்தோர் ஓய்வு:
காணிப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பறங்கியர் குத்தகைக்கு இருந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். உறுதியின் நடுவில் 'இன்ன இலக்க உறுதிப்படி எனக்குச் சொந்தமானது' என்று முந்திய உறுதி சொல்லப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் கொண்டு காணிப் பதிவகத்தில் பின்னுக்குப் பின்னாகப் போங்கோ. கிழக்கெல்லைக்காரர் பெயர் வேறு உறுதிகளில் தெளிவாக வரும், அவர் சகோதரனாகவும் இருக்கலாம். கொழும்பு, காலிப் பக்கம் காணி இருந்தால் தேசிய சுவடிகள் காப்பகத்தில் ஒல்லாந்தத் தோம்புகளையும், அதாவது அந்தக் காலத்துக் காணிப் பதிவேடுகளையும், கேளுங்கோ.

சுண்டிக்குளிப் பேத்தி:
நன்றி அக்கா, ஐயா. கப்பல் விபரம் நெதர்லாந்தில் இருக்கு என்கிறார்களே, நேரே அதைத் தட்டிப் பார்க்கலாமா?

தோம்புக்காரி:
அதைக் கடைசிக்கு வையுங்கோ. ஹேக் தேசியக் காப்பகத்தில் கொம்பனிச் சம்பளப் பேரேடுகளின் தரவுத்தளம் இருக்கு, 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரும். பிறந்த ஊர், கப்பல், வேலை, சேவை எப்படி முடிஞ்சது, எல்லாம் இருக்கும். ஆனால் லட்சக்கணக்கான பதிவுகள். 'யான்' (Jan) மாதிரிப் பொதுவான ஒல்லாந்தப் பெயரை மட்டும் வைச்சுத் தேடினால் கரைசேர மாட்டீங்கள். கலியாணப் பதிவில் மாப்பிள்ளையின் ஊர் வரும், அதை முதலில் பிடியுங்கோ. ஊர் ஜெர்மனியில் இருந்தாலும் திகைக்க வேண்டாம், கொம்பனியில் அப்படி நிறையப் பேர். பெண் கிறிஸ்தவளாக இருந்தால்தான் கலியாணத்துக்கு அனுமதி. அதால மணப்பெண்ணின் ஞானஸ்நானத்தையும் முந்தின மாதங்களில் பாருங்கோ.

பழைய கையெழுத்து முதலில் கண்ணைக் கட்டும். படத்தைப் போடுங்கோ, சேர்ந்து வாசிப்பம்.